நத்தார் மரக் கிளைகள் விரித்த அறை

போன கிழமை ரொறன்ரோவுக்குப் பக்கத்து அஜக்ஸில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பிளாசாவின் கார் தரிப்பிடத்தில், நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, மரம் விற்கிறவன் வலைக்குள் சுருட்டி வைத்திருந்த ஒரு மரத்தை அவிழ்த்து உதறினான். பேரனுக்கு இந்த வருடம் உண்மையான மரம்தான் வேண்டுமாம். எங்கள் வீட்டுச் சாமி அறையில் பிள்ளையார் இருக்கிறார், கூடத்தில் மார்கழியில் மரம் நிற்கும், இரண்டு பேருக்கும் இதுவரை சண்டை வந்ததில்லை. மரத்தை உதறியதும் அந்த மணம் வந்தது. நான் ஒரு கிளையைப் பிடித்து மூக்கோடு வைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டேன் போலிருக்கிறது. கிழவன் பேரம் பேசத் தொடங்கப்போகிறான் என்று நினைத்து விற்கிறவன் தானாகவே விலையைக் குறைத்தான்.

"அப்பப்பா, வை ஆர் யூ ஸ்மெல்லிங் இற்?" என்று பேரன் கேட்டான்.

அவனுக்கு அது நத்தார் மணம். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். எனக்கு அது பார்க்டேலில் ஒரு வாடகை அறையின் மணம். அந்த அறையில் இருந்தவளைப் பற்றி நான் வீட்டில் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் என் மகன், "அப்பா, இது இப்ப ஏன்?" என்பான். நீங்கள் அப்படிக் கேட்கமாட்டீர்கள் என்ற துணிவில் சொல்கிறேன்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு ஊரை விட்டுக் கிளம்பியவர்களில் நானும் ஒருவன். முதலில் போய்ச் சேர்ந்தது பாரிஸ். அங்கே ஓர் உணவகத்தின் நிலவறைக் குசினியில் கோப்பை கழுவினேன். என் பிரெஞ்சு அங்கேதான் விளைந்தது. சூடு, கத்தி, கெதியாய், இன்னும் கழுவவில்லையா. இந்த நாலு சொல்லையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எவ்வளவு தூரம் போகலாம் என்று கேட்டால், மொன்றியல் வரைக்கும் போகலாம். மொன்றியலில் ஒரு குளிர்காலத்தைத் தள்ளிவிட்டு, வேலை கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி ரொறன்ரோவுக்கு வந்தேன். அப்போது எங்கள் ஆட்கள் இறங்குகிற இடம் பார்க்டேல்தான். ஒரு காலத்துப் பணக்காரர் கட்டிய பெரிய வீடுகளை அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் எத்தனை அறை இருந்தது என்பது வீட்டுக்காரனுக்கே சரியாகத் தெரியுமோ என்னவோ. நானும் பருத்தித்துறைத் தேவண்ணையும் இரண்டாம் மாடியில் ஓர் அறையில் இருந்தோம். தேவண்ணை ஊரில் தபால் கந்தோரில் இருந்தவர். இங்கே டோனட் கடையில் இரவு வேலை. முதல் மாடியின் பின்னறையில் ஒரு பெண் இருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். சீனத்தியோ என்று நினைத்திருந்தோம். போகும்போதும் வரும்போதும் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான்.

பார்க்டேல் ஏரிக்கரையோரம் என்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் கோடை முடிகிற வார இறுதியில் ஏரிக்கு மேலே போர் விமானங்கள் வித்தை காட்டும். சனங்கள் மடக்குக் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு பார்க்கப் போவார்கள். இதை எங்களுக்கு ஒருவரும் சொல்லி வைக்கவில்லை. நான் ஊத்தை உடுப்பு மூட்டையோடு படி இறங்கிக்கொண்டிருந்தேன். கூரையைப் பிய்ப்பது போல ஒரு சத்தம். மூட்டையைப் போட்டுவிட்டுப் படிக்குக் கீழே பாய்ந்து குப்புறப் படுத்தேன். அங்கே எனக்கு முன்பே ஒரு ஆள் படுத்திருந்தது. பின்னறைப் பெண்தான். இரண்டு கையாலும் தலையை மூடியிருந்தாள்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி கிடந்தோம். பிறகு அவள் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். நான் பிரெஞ்சில் பதில் சொன்னேன். ரொறன்ரோவில் ஒரு கனடாக்காரியோடு நான் பேசிய முதல் நீளமான பேச்சு படிக்குக் கீழே படுத்தபடி பேசியது. என் காதில் இப்போது எல்லாம் எங்கள் தமிழில்தான் இருக்கிறது, அப்படியே சொல்கிறேன்.

"இஞ்சயும் வருகுதே! எங்கட கூடாரத்துக்கு மேலால மரத்தை முட்டிற மாதிரிப் போவாங்கள். அடுப்பில இருக்கிற கேத்தில் ஆடி விழும்," என்றாள்.

"எங்கட பக்கம் குண்டும் போடுவாங்கள்."

"இவங்கள் போடுறேல்லை. பழகுறாங்கள்."

"ஆருக்குப் போடப் பழகுறாங்கள்?"

"அதை எங்களுக்குச் சொல்லேல்லை."

சத்தம் ஓய்ந்து நாங்கள் எழும்பியபோது தேவண்ணை மேல்படியில் நின்று, "என்னடா, பயந்து போனியளே?" என்று பகிடி பண்ணினார். அவருடைய சேர்ட்டின் முன்பக்கம் முழுக்கக் கட்டிலுக்குக் கீழே இருக்கிற தூசி.

அவள் பெயர் மானியான். ஞானஸ்நானப் பெயர் மரி ஆன். அவர்களுடைய வாயில் அது மானியான் ஆகிவிடும். அவள் ஓர் இன்னு. கியூபெக்கின் வடகரையில், பெரிய ஆறு கடலாக அகன்றுபோகிற இடத்தில் அவளுடைய ஊர். இன்னு என்றால் அவர்கள் மொழியில் மனிதர் என்று பொருள். பிரெஞ்சுக்காரர் வந்து பார்த்துவிட்டு மலைக்காரர் என்று பெயர் வைத்து, அந்தப் பெயரிலேயே சில நூறு வருடம் எழுதி வைத்தார்கள். இவர்கள் குளிர் முழுக்க உள்நாட்டுக் காட்டில் கரிபு மான்களின் பின்னால் போய், கோடையில் ஆற்று முகத்துவாரத்துக்கு இறங்கி வருகிற சனங்கள். அந்தக் காட்டுக்கு நுச்சிமித் என்று பெயர். அதைச் சொல்லும்போது மானியானின் குரல் கொஞ்சம் தணியும். அந்தக் காட்டின் நடுவில் யாரோ ஒரு கோட்டைக் கீறி இந்தப் பக்கம் கியூபெக், அந்தப் பக்கம் லாப்ரடோர் என்றார்கள். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சும் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் படிப்பித்தார்கள். சாமன் மீன் ஏறுகிற ஆறுகளைப் பணக்காரரின் மீன்பிடிக் கழகங்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, தங்கள் ஆற்றில் மீன் பிடித்த இன்னுக்களைக் கள்ளர் என்றார்கள். சில ஆறுகளுக்குக் குறுக்கே அணை கட்டினார்கள். அந்தக் காட்டுக்கு மேலே போர் விமானங்களைத் தாழப் பறக்கவிட்டுப் பழகினார்கள். நாங்கள் எல்லாம் கனடா வந்து இறங்கியதும் தரையைத் தொட்டுக் கும்பிடாத குறையாக நின்ற ஆட்கள். இவளோ கோப்பித் தண்ணீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு இதையெல்லாம் அடுக்கிக்கொண்டே போனாள். எனக்கு முதலில் அவள்மேல் கோபம்தான் வந்தது. நல்லதொரு நாடு கிடைத்திருக்கிறது, அதையும் கெடுக்கிறாளே என்ற கோபம்.

மொழி விஷயத்தில் மட்டும் எனக்கு உடனே விளங்கியது. எங்களுக்கும் அரசாங்கக் கந்தோரில் இருந்து சிங்களத்தில், தெரியாத மொழியில், கடிதம் வந்த அனுபவம் இருக்கிறதே. இன்னுக்களிடம் முதலில் வந்த பாதிரிமார் மூட்டை முடிச்சோடு கூடாரங்களில் தங்கி, இன்னு மொழியைப் படித்து, அதிலேயே செபப் புத்தகம் செய்தார்கள். அந்தப் புத்தகத்தை வைத்துத் தாய் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்து, பள்ளிக்கூடமே இல்லாமல் எழுத வாசிக்கப் பழகிவிட்டார்கள். மானியானின் அம்மா அப்படிப் படித்தவர். மானியானின் காலத்தில் வந்த பாதிரிமார் பிள்ளைகளை விமானத்தில் ஏற்றிக்கொண்டுபோய் விடுதிப் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். அங்கே இன்னு மொழியில் ஒரு சொல் கதைத்தால் அடி.

"எனக்குப் பிரெஞ்சு பிரம்பால வந்தது. உனக்கு?" என்று கேட்டாள்.

"எனக்குக் கோப்பை கழுவி."

அன்றுதான் அவள் சிரித்ததை முதல் தடவை பார்த்தேன். பல்லில் ஒன்று இல்லை.

அவளுக்கு ஞாயிறுகளில் அம்மாவோடு ரெலிபோன் பேச்சு இருக்கும். வீட்டுக்கெல்லாம் சேர்த்து முதல் மாடியில் அறைகளுக்கு நடுவே போகிற ஓடையில் ஒரு ரெலிபோன்தான், சுவரில் அடித்திருந்தது. இந்திய ராணுவம் எங்கள் ஊருக்குள் வந்து சண்டை தொடங்கிய மாதங்கள் அவை. எங்கள் அம்மாமாரிடம் பேச வழியே இல்லை. கடிதமும் நின்றுவிட்டது. ஆகவே மானியான் அவளுடைய அம்மாவோடு பேசும்போது நாங்கள் வேலை இல்லாத ஆட்கள் போல ஓடையில் போய் நிற்போம். ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் யாரோ ஒரு பிள்ளை யாரோ ஓர் அம்மாவோடு கதைக்கிறது, அதைக் கேட்டுக்கொண்டு நிற்கலாம். அம்மா ஏதோ நீளமாகச் சொல்லுவார். மானியான் இடைக்கிடை "எஷே, எஷே" என்பாள். எஷே என்றால் ஓம், அதாவது ஆமாம். தேவண்ணைக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. சோறு போடவா என்றால் எஷே, கதவைப் பூட்டினீங்களா என்றால் எஷே. டோனட் கடை முதலாளிக்கும் ஒரு நாள் எஷே என்று சொல்லிவிட்டு வந்தார்.

மானியான் ரொறன்ரோவுக்கு வந்தது வேலைக்கல்ல. ஹோட்டலில் அறை துடைத்தாள்தான், ஆனால் அது வாடகைக்கு. அவள் வந்தது தங்கச்சியைத் தேடி. இவள் விடுதிப் பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்தில் தங்கச்சி கைக்குழந்தை. ஒரு நாள் கடும் காய்ச்சல். தாதி வந்து பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும் என்று சொல்லி, தண்ணீரில் இறங்குகிற சிறு விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனாள். தாயைக் கூட ஏற்றவில்லை, இடமில்லையாம். சில கிழமைக்குப் பிறகு பாதிரியார் வந்து, பிள்ளை செத்துப்போச்சு, அங்கேயே அடக்கம் செய்தாச்சு என்றார். எங்கே அடக்கம் என்று கேட்டதற்குத் தெளிவான பதில் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் அந்தத் தாய் செத்த பிள்ளைக்குச் செபம் செய்திருக்கிறார். பிறகு அந்தத் தாதி கிழவியாகி, மனச்சாட்சி குத்தியதோ என்னவோ, ஊர்ப் பெண் ஒருத்தியிடம் உண்மையைச் சொன்னாள். பிள்ளை சாகவில்லை. ரொறன்ரோப் பக்கத்தில் ஒரு நல்ல குடும்பத்துக்குக் கொடுத்தது. நல்ல குடும்பம் என்றுதான் சொன்னாளாம். இதைச் சொல்லும்போது மானியான் மேசையைக் கையால் ஓங்கி அடித்தாள். என் கோப்பித் தண்ணீர் மேசையெல்லாம் ஊற்றுண்டது. அவள்மேல் எனக்கிருந்த கோபம் அந்த இடத்தில் ஆள் மாறியது.

பூர்வகுடிகளுக்கென்று நகரத்தில் இருந்த ஒரு நிலையத்தில் வேலை செய்த பெண் மாதக்கணக்காகத் தேடி ஆளைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். றிச்மண்ட் ஹில்லில் வீடு. பெயர் லிண்டா. வங்கியில் வேலை. நத்தார் முடிந்து வருகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சம்மதித்திருந்தாள். இப்போது சிக்கல் என்னவென்றால், மானியானுக்கு இன்னு மொழியும் பிரெஞ்சும் தெரியும், ஆங்கிலம் இல்லை. லிண்டாவுக்கு ஆங்கிலம் மட்டும்தான். நிலையத்துப் பெண்ணுக்குப் பிரெஞ்சு இல்லை. மானியான் என்னைப் பார்த்தாள். நான் தேவண்ணையைப் பார்த்தேன்.

"அவளுக்குக் கோப்பை கழுவச் சொல்லிக் குடுக்கிறதெண்டா நீ போதும்," என்றார் தேவண்ணை.

நத்தார் முடிந்த கிழமை பார்க்டேல் முழுக்க மரங்கள் தெருவோரத்தில் கிடக்கும். பன்னிரண்டு நாளுக்கு முன் காசு கொடுத்து வாங்கிய மரத்தைக் குப்பையோடு போட்டுவிடுவார்கள். மானியான் அவற்றை இழுத்து வரத் தொடங்கினாள். முதல் மரத்தை அவள் தனியாகப் படியால் இழுத்தபோது தேவண்ணை, "உவளுக்கு விசர் பிடிச்சிட்டுது" என்றார். இரண்டாவது மரத்துக்குத் தானே போய் மறுபக்கத்தைப் பிடித்தார். நானும் பிடித்தேன். ஸ்னோவுக்குள்ளால் இரண்டு யாழ்ப்பாணத்தான்கள் குப்பை மரங்களை இழுத்துக்கொண்டு போவதைத் தெருவே பார்த்தது. அவள் ஒரு கத்தியால் கிளைகளைக் கழித்து, அறையிலிருந்த கட்டிலைச் சுவரோடு நிமிர்த்தி வைத்துவிட்டு, தரையில் வரிசையாக அடுக்கினாள். ஒரு வரிசையின் தண்டு அடுத்த வரிசையின் இலைக்குள் ஒளிந்துவிடும். காலில் தடி குத்தாது. இன்னுக் கூடாரத்தின் தரை இப்படித்தான். பெண்கள்தான் அடுக்குவார்களாம். வாடினால் புதிதாக மாற்றுவார்களாம்.

ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன்.

"அவளை இப்பிடி ஒரு தரையில இருந்துதான் தூக்கிக்கொண்டு போனவங்கள். நான் சொல்லுறது அவளுக்கு விளங்காது. மணமாவது விளங்கட்டும்."

சொல்லிவிட்டு, கிளைகளில் சிக்கிக் கிடந்த வெள்ளி ஜிகினா இழைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். எவ்வளவு பொறுக்கியும் முடியவில்லை. வேலை முடிந்து தேவண்ணை சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதன்மேல் இருந்து பார்த்தார். அவருக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பு. "சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் இருக்கு," என்றார். அந்த வீட்டின் பொரித்த எண்ணெய் மணம், ஈரச் சப்பாத்து மணம், எல்லாவற்றையும் அந்த அறை அடித்துப் போட்டுவிட்டது.

லிண்டா வந்தாள். கதவைத் திறந்த தேவண்ணை ஓடையிலிருந்தே தமிழில் எனக்குக் கத்தினார்: "டேய், உவள் எங்கட மானியான்ர முகமெல்லோ!" அச்சு அசல் அதே முகம்தான். மேலே நல்ல கம்பளிக் கோட்டு, காதில் சின்ன முத்து. மானியான் அவளுடைய இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு இன்னு மொழியில் பேசத் தொடங்கினாள். நிறுத்தவே இல்லை. லிண்டா மரியாதையாகச் சிரித்தபடி என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய? எனக்கும் விளங்கவில்லை.

அறைக்குள் வந்ததும் லிண்டா தரையைப் பார்த்து ஒரு கணம் நின்றாள். நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளுடைய மூக்கையே பார்த்தோம்.

"இது நெருப்புப் பிடிக்காதா?" என்று கேட்டாள்.

மானியான் என் முகத்தைப் பார்த்தாள். வடிவாக இருக்கிறது என்கிறாள் என்று பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். பொய் சொல்லும் அளவுக்குப் பிரெஞ்சு வரவில்லை. உள்ளதைத்தான் சொன்னேன்.

லிண்டா இருந்த ஒரேயொரு கதிரையில் இருந்தாள். மானியான் கீழே கிளைகளின்மேல். நான் இரண்டுக்கும் நடுவில் சுவரோடு சாய்ந்து, ஒருத்தியின் பிரெஞ்சைக் கேட்டு, அதைத் தலைக்குள் தமிழில் உருட்டி, ஆங்கிலமாகத் துப்பினேன். உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வேர்த்துக் கொட்டியது. அந்த இரண்டு பெண்களும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். அவர்களுக்கிடையில் பேச்சைத் தூக்கிக்கொண்டு ஓட யாழ்ப்பாணத்திலிருந்து ஒருத்தன் வரவேண்டியிருந்தது. இதைச் செய்து வைத்த பாதிரியும் தாதியும் கந்தோர்க்காரனும் எந்த ஊரில் பென்சன் எடுத்துக்கொண்டு சுகமாக இருந்தார்களோ.

"என்னை வளர்க்க ஏலாமல் என்ர அம்மா விட்டிட்டா எண்டுதான் எனக்குச் சொன்னவை," என்றாள் லிண்டா. அதைச் சொன்ன குரலில் கோபம் இல்லை. பலதடவை சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரல்.

"நீ செத்துப்போனாய் எண்டு எங்களுக்குச் சொன்னவை."

நான் சொன்னேன். லிண்டா கையுறைகளை மடியில் வைத்து மடித்தாள், விரித்தாள்.

"அப்ப ஏன் ஒருத்தரும் தேடி வரேல்லை?"

மானியான் நான் மொழிபெயர்த்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு மெதுவாக, "செத்த பிள்ளையை ஆர் தேடுறது?" என்றாள்.

அம்மாவுக்கு நெஞ்சில் வருத்தம், குளிர் தாண்டுவாரோ தெரியாது என்று மானியான் முன்பே என்னிடம் சொல்லியிருந்தாள். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். பிள்ளையின் குரலை ஒருதரம் கேட்கவேண்டும். முடிந்தால் பிள்ளையைப் பார்க்கவேண்டும். சொல்லி வைத்த நேரத்துக்கு ஓடையில் ரெலிபோன் அடித்தது. மானியான் பேசிவிட்டு ரிசீவரை லிண்டாவின் கையில் கொடுத்தாள். லிண்டா, "ஹலோ?" என்றாள். அந்தப் பக்கத்தில் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும். பழைய ரெலிபோன், பக்கத்தில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கும். "ஹாய்," என்றாள் லிண்டா மறுபடியும்.

அப்போது தாய்க் கிழவி சொன்னார். "அஷ்தம்." கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "அஷ்தம்." திரும்பத் திரும்ப அதே சொல். அழுகிற குரல் அல்ல. தவழ்கிற பிள்ளையைக் கையை நீட்டிக் கூப்பிடுகிற குரல். கடைசி எழுத்தை லேசாக உதட்டோடு மூடிவிடுவார். மாடிப்படியில் நின்ற தேவண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்ன சொல்லுறா?" என்று லிண்டா கேட்டாள். நான் மானியானைக் கேட்டேன். மானியான் பிரெஞ்சில் ஒரு சொல் சொன்னாள். நான் ஆங்கிலத்தில் ஒரு சொல் சொன்னேன். "வா."

"இப்பவா? எனக்கு வேலை இருக்கு." அவள் பயந்துபோயிருந்தாள் என்று இப்போது விளங்குகிறது. "கோடையில... கோடையில லீவு எடுக்கலாம்."

அதை நான் பிரெஞ்சில் மானியானுக்குச் சொன்னேன். அவள் ரிசீவரை வாங்கி, கொஞ்ச நேரம் நெற்றியோடு வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அம்மாவுக்கு ஒரேயொரு சொல் சொன்னாள்.

"எஷே."

அந்தச் சொல்லுக்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. தேவண்ணைக்கும் தேவைப்படவில்லை. அன்றைக்குப் பிறகு அவர் பகிடிக்குக்கூட எஷே சொன்னதில்லை.

லிண்டா போகும்போது காலுறையில் ஒட்டியிருந்த ஜிகினாவைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, தன் ரெலிபோன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்த நாள் வீட்டுக்காரன் வந்தான். அவனும் நெருப்பைப் பற்றித்தான் கத்தினான். கிளைகளை எல்லாம் குப்பைப் பைகளில் அடைத்து, கொண்டுவந்த தெருவோரத்திலேயே கொண்டுபோய்ப் போட்டோம். ஒரு பெண் கூடாரத் தரையை ஒரு வீட்டுக்குள் விரித்தால் அது சட்டவிரோதம். அவளுடைய காட்டுக்கு மேலே கேத்தில் விழ விமானம் ஓட்டினால் அது பயிற்சி. என்ன நியாயமோ.

மானியானின் ஊரில் ஆற்று ஐஸ் உடைவதற்கு முன் அம்மா கண்ணை மூடிவிட்டார். பிள்ளை வருகிறாள் என்று எல்லோருக்கும் சொல்லி, அவளுக்கென்று ஒரு சோடி மொக்கசின் தோல் சப்பாத்து தைத்து முடித்து வைத்திருந்தாராம். செய்தி வந்த அன்று மானியான் லிண்டாவுக்குச் சொல்லச் சொல்லி என்னிடம் நம்பரைத் தந்தாள். ஒரு வயதான பெண்குரல் எடுத்தது, வளர்த்த தாயாக இருக்கவேண்டும். லிண்டா வீட்டில் இல்லை, நான் சொல்லுகிறேன் என்றது. நான் இரண்டு தடவை விளக்கமாகச் சொன்னேன். ஓம், விளங்குகிறது, சொல்லுகிறேன் என்றது. நானும் தேவண்ணையும் மானியானை பஸ் நிலையத்தில் ஏற்றிவிட்டோம். போய்க் கடிதம் போடுவதாகச் சொன்னாள். எந்த மொழியில் போடுவாள் என்று நானும் கேட்கவில்லை. கடிதம் வரவில்லை.

ஆடி மாதம் ஒரு நாள் வேலையால் வந்தபோது வாசற்படியில் லிண்டா இருந்தாள். பக்கத்தில் ஒரு பயணப்பை. இரண்டு கிழமை லீவு எடுத்திருக்கிறாளாம். எப்போது வெளிக்கிடலாம் என்று மானியானிடம் கேட்க வந்திருக்கிறாள். அவளிடம் ஒருவரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கோடை என்றாள், கோடையில் வந்து நிற்கிறாள். சொன்ன சொல் தவறாத பிள்ளை. நான் படியில் இருந்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், அந்தச் செய்தியை அவளுக்குச் சொன்னேன். நல்ல குடும்பம் செய்யாமல் விட்ட வேலையை நான் செய்தேன்.

அவள் அழவில்லை. தேவண்ணை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அது ஆறிப்போனது.

"அண்டைக்கு அவ ஒரு சொல் சொன்னவ," என்றாள். "அர்த்தம் தெரியும். அதைக் கேக்கேல்லை. அது எப்பிடிச் சத்தம்? எனக்கு ஞாபகம் வருகுதில்லை. எவ்வளவு முயற்சி பண்ணியும் வருகுதில்லை."

"அஷ்தம்," என்றேன்.

"ஆஷ்டாம்."

"இல்லை. மெல்லமா. அஷ்தம்."

"கடைசியில வாயை மூடவேணும்," என்றார் தேவண்ணை தமிழில். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன்.

பார்க்டேலில் ஒரு வாசற்படியில் இருந்துகொண்டு இரண்டு யாழ்ப்பாணத்தான்கள் ஓர் இன்னுப் பெண்ணுக்கு அவளுடைய தாயின் சொல்லைச் சொல்லிக் கொடுத்தோம். தெருவில் பிள்ளைகள் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். நாங்கள் திருத்தினோம். கடைசியில் சரி என்று தோன்றியது. எங்களுக்குச் சரி என்று தோன்றியது, அவ்வளவுதான். எங்களைத் திருத்த அங்கே யார் இருந்தார்கள்? அவள் பயணப்பையைத் தூக்கிக்கொண்டு போனாள். வடக்கே போனாளா, வீட்டுக்குப் போனாளா, தெரியாது.

தேவண்ணை இப்போது இல்லை. அந்த வீட்டைத் தடுப்புகளை உடைத்து மறுபடியும் ஒரே குடும்பத்துக்கு விற்றுவிட்டார்கள். போன வருடம் அந்தப் பக்கம் போனேன், வாசற்படி புதுக் கல்லில் இருக்கிறது. இன்னு மொழி சாகவில்லை, தவறாக நினைக்காதீர்கள். வடகரை ஊர்களில் பிள்ளைகள் இன்றைக்கும் அதில் கத்தி விளையாடுகிறார்கள் என்று வாசித்தேன், சந்தோசம். லிண்டாவின் வாயிலிருந்துதான் அது பிடுங்கப்பட்டது. அவளுக்கு இப்போது அறுபது வயது தாண்டியிருக்கும். பேரப்பிள்ளைகள் இருக்கலாம். தவழ்கிற ஒன்றைக் கையை நீட்டி அவள் அந்தச் சொல்லால் கூப்பிட்டிருந்தால், எங்கள் உச்சரிப்பில்தான் கூப்பிட்டிருப்பாள்.